சிகாமட்டில் இறந்துபோன பாடகி

சேசு மரி சூசை

சிகாமட்,
12 ஜூன் 1942

அன்புள்ள அமலநாதன் அவர்களுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பதை ஜஹாங்கீர் காக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இங்கே சந்தைக்கு எதிரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். உப்பும் காப்பித்தூளும் வாங்க லோரியில் ஜொகூர் பாருவுக்குப் போய்வருகிறவர். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. "ஒங்க ஓட்டல்ல பியானோ வாசிக்கிற தம்பியப் பாத்தேன்மா. எளச்சிருக்காரு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு" என்றார். கடைக்குள் நின்றபடியே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் சொன்னதன் மீதி எனக்கு உறைத்தது. வாசிக்கிறார் என்றால் இப்போது யாருக்கு வாசிக்கிறார்?

கிறிஸ்துமஸை அப்பாவோடு கழித்துவிட்டு வருகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறியவள் நான். திரும்பி வர வழியில்லாமல் போயிற்று. ஜப்பான்காரர்கள் வந்தபோது ரப்பர் தோட்டத்துக் கித்தாக் காட்டுக்குள் ஒளிந்திருந்தோம். பிறகு அப்பாவைத் தேடிவந்து மறுபடி ஸ்டேஷன் சரக்குக் கிளார்க் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். தம்பி தோமஸுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டு திரிகிறான். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலையும் இல்லை.

நான் ஓட்டலில் பாடியவள் என்று காக்காவைத் தவிர இங்கே யாருக்கும் தெரியக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கோயிலில்கூட வாயை மட்டும் அசைக்கிறேன். பாட்டுக்குப் பதிலாகக் கதை சொல்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து வெள்ளையம்மா என்று ஒருத்தி வருவாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். சினிமாக் கதை கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. நாம் இருவரும் மாட்டினி பார்த்த அந்தப் படத்தைச் சொன்னேன். ஓட்டல் ஓட்டலாகப் போய், யாரும் காது கொடுக்காத கூடங்களில் பியானோ வாசிக்கிற அவனும் பாடுகிற அவளும். அவளை மட்டும் பெரிய அரங்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள். தன்னை விட்டுப் போகமாட்டாள் என்று தெரிந்து, 'உன் குரல் எனக்கு அலுத்துவிட்டது' என்று அவன் பொய் சொல்லி அவளைத் துரத்திவிடுகிறானே, அந்த இடம் வந்ததும் வெள்ளையம்மா கோபித்துக்கொண்டாள். "என்ன ஆம்பள அவன்? வாயத் தொறந்து, நீ போறியா இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவான்?"

நானும் அன்றைக்கு உங்களிடம் அதையேதான் சொன்னேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டகையிலிருந்து ஓட்டல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். அந்தச் சண்டைகூட இப்போது கிடைக்கமாட்டேன் என்கிறது.

யாருக்கு வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு,
3 ஜூலை 1942
(சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஜப்பான் கணக்குப்படி 2602 என்று போட்டிருக்கிறது. அறுநூறு வருஷம் தூங்கி எழுந்தவன் போல இருக்கிறேன்.)

அன்புள்ள கெர்ட்ரூட்,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியவில்லை.

யாருக்கு வாசிக்கிறேன் என்று கேட்கிறாய். கேட்கிறவர்களுக்கு வாசிக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் நம்மைக் கேட்டார்களா? நீ பாடிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள். இப்போது ஓட்டல் ராணுவ அதிகாரிகளின் கிளப். ஒரு கேப்டன் வருகிறார். இங்கிலீஷ் பேசுவார். பியானோவுக்கு அருகில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்படி ஒருவர் கேட்கும்போது விரல்களுக்கு எதிரி யார், நண்பன் யார் என்று தெரிவதில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அரிசியும் கிடைக்கிறது. அதை எழுதாமல் விட்டால் அதுவும் பொய்.

அந்தப் படத்தை நானும் நினைத்துக்கொள்கிறேன். சமையலறையின் பின்கட்டில் இருவரும் சட்டியின் அடியில் மிஞ்சிய சூப்பை ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிக் குடிப்பார்களே, அப்போது என் விலாவில் இடித்தாய். நாம் முந்தின நாள் மீன்குழம்பு வைத்துச் செய்ததை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டாய். முடிவைப் பற்றி மட்டும் என் எண்ணம் மாறவில்லை. முடிவெட்டும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவன் உட்கார்ந்திருக்கிறான். ரேடியோவில் அவள் பாட்டு வருகிறது. 'சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு' என்கிறான், அவ்வளவுதான். ஒருத்தியிடம் வைத்த அன்பை அதைவிட எப்படிக் காட்டுவது? அவளிடம் கேட்டிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள், கெர்ட்ரூட்.

வாசிக்கும்போது உன் குரல் வர வேண்டிய இடத்தில் பழக்கத்தில் நிறுத்திவிடுகிறேன். கேப்டன் கண்ணைத் திறந்து பார்க்கிறார். கூடத்துச் சுவரில் நம் இருவரின் படம் இன்னும் தொங்குகிறது. பாடுகிற பெண் எங்கே என்று கேட்டார். சம்பளம் உண்டு, அரிசி உண்டு, அறை உண்டு என்கிறார்.

நீ வரமாட்டாயா?

அமலநாதன்

*

சிகாமட்,
20 ஜூலை 1942

அன்புள்ள அமலநாதன் அவர்களுக்கு,

வரமாட்டேன்.

மேடையில் நான் போடுவேனே, அந்த நீலப் பட்டுக் கவுன், அதற்குத் துணி தங்காக்கில் எடுத்தது. அந்தத் துணிக்கடைச் சீனரை உங்களுக்கும் தெரியும். கெஜத்துக்கு மேலே நாலு விரல் கூட்டி அளந்து கொடுத்துவிட்டு, "பாடகிக்குக் கஞ்சத்தனம் செய்யக்கூடாது" என்று மலாயில் சொல்வார். மார்ச் மாதம் ஜப்பான்காரர்கள் அவரையும் இரண்டு மகன்களையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. அவர் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஜஹாங்கீர் காக்கா சொன்னார்.

அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு நான் யார் முன்னால் நின்று பாடவேண்டும் என்கிறீர்கள்?

உங்களை நான் குறை சொல்லவில்லை. தனியாக இருக்கிறீர்கள். பசி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று எழுதினீர்களே, அதை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு,
18 டிசம்பர் 1942

அன்புள்ள கெர்ட்ரூட்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இத்தனை மாதம் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். இப்போது கோபம் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து பேட்ரிசியா என்று ஒரு பெண்ணைப் பாட அழைத்துவந்தார்கள். நம் ஜனம்தான், கத்தோலிக்கப் பெண். நல்ல குரல், கொஞ்சம் மூக்கால் பாடுவாள். முதல் வாரம் பாடினாள். பிறகு மேல்மாடியில் அவளுக்கு அறை கொடுத்தார்கள். இப்போது அவள் பாடுவதில்லை. பகலில் சமையலறைப் பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். பேச்சுக் கொடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஜூலையில் நான் உன்னை வரச்சொல்லி எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப்போடு.

பாலன் பிறப்பு உன் வீட்டில் சமாதானமாக அமையட்டும். தோமஸுக்கு என் அன்பு. அப்பாவுக்கு என் வணக்கம்.

அமலநாதன்

*

சிகாமட்,
9 மே 1943

அமலநாதன் அவர்களுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். ஜஹாங்கீர் காக்கா லோரியை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

தோமஸைப் பிடித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஓடிவந்தான். "அக்கா, டவுன்ல சும்மா வாயாங் காட்டுறாங்களாம். டிக்கெட் வேணாமாம். நீ சொல்லுவியே, அந்தப் பாட்டுப் படமா இருந்தா?" என்றான்.

"அதுவா இருக்காது லா. சண்டப் படந்தான் காட்டுவாங்க."

"இருந்தாலும் போய்ப் பாக்குறேனே. படம் பாத்து எவ்ளோ நாளாச்சு!"

நான்தான் அவன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். வருஷம் முழுக்க அந்தப் படத்தைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு ஆசை மூட்டியவளும் நான்தான்.

பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையம்மா தலைவிரி கோலமாக வந்தாள். அவளும் உள்ளே இருந்தாளாம். "படம் ஓடிக்கிட்டே இருந்திச்சும்மா. திடீர்னு வெளக்கப் போட்டுட்டாங்க. கதவுக்குக் கதவு பட்டாளம். பொம்பளைங்க, கெழவங்க எல்லாம் வெளிய போன்னாங்க. வயசுப் பசங்கள மட்டும் லோரியில ஏத்திட்டாங்கம்மா. தம்பி என்னப் பாத்து, அக்காகிட்ட சொல்லுங்கன்னிச்சு."

சயாமில் ரயில் பாதை போடுவதற்காம். பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வண்டிப் பெட்டிகள் வந்து சேர்ந்ததும் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர் அப்பா. அதிகாரி காலில் விழுந்தார். கன்னத்தில் அறைந்து, பேனாவைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்களாம்.

அந்தக் கேப்டனிடம் கேளுங்கள். அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இங்கே விட்டுவிடுவார்கள் என்று ஜஹாங்கீர் காக்கா சொல்கிறார். என்னைப் பாடச் சொன்னால் வந்து பாடுகிறேன். பேட்ரிசியாவைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மறக்கவில்லை. மறக்காமல்தான் சொல்கிறேன். வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு,
11 மே 1943

கெர்ட்ரூட்,

கேட்டேன். நடக்கவில்லை.

எக்காரணம் கொண்டும் நீ இங்கே வராதே. இந்த ஊரில் யாருக்கும் எழுதாதே. எனக்கும் எழுதாதே. ஜஹாங்கீர் காக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

தோமஸுக்காக ஜெபிக்கிறேன்.

அமலநாதன்

*

சிகாமட்,
26 செப்டம்பர் 1943

திரு. அமலநாதனுக்கு,

எழுதாதே என்றீர்கள். நான் எழுதுகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்க நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பினாள். நம் ஓட்டலில் பரிமாறுவாளே, ஐலீன். அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இங்கே சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கூடை விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கெர்ட்டி? அலமாக்! நீ செத்துட்டேன்னு நாங்க பூச வச்சோமே!"

"யாரு சொன்னா?"

"அமலுதான். மலேரியாக் காச்சல்ல போயிட்டேன்னு. சாமியார் ஒம் பேரச் சொல்லி ஜெபிச்சாரு. அவரு மொத பெஞ்சில ஒக்காந்து அப்பிடி அழுதாரு. நான்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உயிரோடு இருப்பதற்காக ஐலீனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அவளும் என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தோமஸ் போன வண்டி மே மாதம் பதினேழாம் தேதி கிளம்பியது. அன்றைக்கும் அப்பா வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

கேட்டேன், நடக்கவில்லை என்று எழுதினீர்கள். என்ன கேட்டீர்கள்? எப்படி நான் செத்தேன்? எனக்குத் தெரியவேண்டும்.

கெர்ட்ரூட்

*

மாசாய்,
10 அக்டோபர் 1943

கெர்ட்ரூட்,

நான் இப்போது ஓட்டலில் இல்லை. மாசாய்ப் பக்கம் ஒரு மலாய்க் கிராமத்தில் மரவள்ளி நடுகிறேன். உன் கடிதம் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே கேப்டனிடம் போனேன். சிகாமட்டில் பிடித்திருக்கிற ஒரு பையனை விடவேண்டும் என்றேன். யார் அவன் என்றார். யோசிக்காமல், இங்கே பாடிய பெண்ணின் தம்பி என்று சொல்லிவிட்டேன். சுவரில் இருந்த நம் படத்தைப் பார்த்தார். "சரி. நீ அவளை அழைத்து வா. நான் காகிதம் தருகிறேன். அவள் இங்கேயே தங்கட்டும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பாட்டைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு ஒரு வருஷம் நான் பியானோ வாசித்திருக்கிறேன்.

சமையலறைப் பக்கம் பேட்ரிசியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"அவள் செத்துப்போய்விட்டாள்" என்றேன். எப்போது என்றார். போன மாதம், மலேரியா என்றேன். தொப்பியைக் கழற்றினார். "வருந்துகிறேன்" என்றார். அப்புறம்தான் என் புத்திக்கு எட்டியது. தம்பியையாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். "அவளே இல்லை என்றால் அந்தப் பையன் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். உன்னைக் கொன்ற வாயால் அவனுக்காகக் கேட்க எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

பொய் நிற்க வேண்டுமே என்று கோயிலிலும் சொன்னேன். பூசையில் உன் பெயரை வாசித்தபோது நான் அழுதது நடிப்பு இல்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கேப்டன் வந்து, செத்துப்போன பெண்ணுக்காக ஏதாவது வாசி என்பார். கண்ணை மூடிக்கொள்வார். ஜூன் மாதம் ஒரு காலை, சொல்லாமல் கிளம்பி இங்கே வந்துவிட்டேன்.

மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் இதையேதான் சொல்வேன். நீ வந்திருப்பாய், கெர்ட்ரூட். வந்தே இருப்பாய். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை.

அமலநாதன்

*

சிகாமட்,
4 நவம்பர் 1943

திரு. அமலநாதனுக்கு,

படித்தேன். மூன்று முறை படித்தேன்.

நீங்கள் எனக்குக் கெடுதல் நினைத்தீர்கள் என்று நான் எழுதினால் அது பொய். பேட்ரிசியாவுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கும். தெரிந்துதான் வருகிறேன் என்று எழுதினேன்.

வந்திருப்பேனா? ஒரு நாள், கட்டாயம் வந்திருப்பேன் என்று தோன்றுகிறது. இன்னொரு நாள், பாதி வழியில் லாபிஸில் இறங்கித் திரும்பியிருப்பேன் என்று தோன்றுகிறது. எது நிஜம் என்று இனிமேல் எனக்குத் தெரியப் போவதில்லை. அது என் பாரம். என் தம்பி, என் உடம்பு, என் பாவம். அதை என் தலையிலிருந்து நீங்கள் இறக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். தோமஸ் போன துக்கத்தை மட்டும் எனக்கு விட்டுவிட்டீர்கள்.

அந்தப் படம் உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. கடைசியில் படம் அவனைத்தான் காட்டுகிறது. சோப்பு நுரை, ரேடியோ, அவன் முகம். எல்லாரும் அவனுக்காக அழுகிறார்கள். அரங்கத்தில் நின்று பாடுகிற அவளை அந்தப் படம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எந்த அறையில் படுத்தாள், யாரோடு சாப்பிட்டாள், தன் குரல் ஒருவனுக்கு அலுத்துப்போயிற்று என்று நம்பிக்கொண்டு எப்படிப் பாடினாள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா தினமும் வேலை முடிந்த பிறகும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறார். வடக்கிலிருந்து வரும் வண்டி காலியாக வரும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நின்றுகொண்டே இருக்கிறார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.

செத்தவர்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு,
21 அக்டோபர் 1945

கெர்ட்ரூட்டுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு வருஷம் எழுதவில்லை. இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு செய்தி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். வண்டி வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்த் தோமஸைப் பற்றி விசாரிக்கிறேன். பலருக்குத் தங்கள் பெயரையே சொல்லத் தெம்பில்லை. நேற்று குளுவாங் பக்கத்து ராஜசேகரன் என்பவர் சொன்னார்: "சிகாமட்டு தோமஸ் தானே? ஸ்டேஷன் கிளார்க் மகன்? காலு புண்ணா இருந்திச்சு. ஆஸ்பத்திரிக் கொட்டாயில போட்டிருந்தாங்க. நான் கெளம்புறப்போ உசுரோடதான் இருந்தாரு."

அது ஜூலையில், இவரை வேறு முகாமுக்கு மாற்றியபோது. அதற்குப் பிறகு அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் உயிரோடு இருந்தான் என்பதை நீயும் உன் அப்பாவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டு வரி. வெள்ளைக்காரர்கள் ஓட்டலைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். மண் வெட்டி வெட்டி விரல்கள் தடித்துவிட்டன. பழைய துரைமார் போலவே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூடியைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். இப்போது துறைமுகத்தில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன். பேட்ரிசியாவை அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனான்.

கோயிலில் சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து பதிவேட்டை எடுத்து, இறந்தவர்கள் வரிசையில் இருந்த உன் பெயரை அடித்தார்.

அமலநாதன்

*

சிகாமட்,
16 ஜனவரி 1946

அன்புள்ள அமலநாதன் அவர்களுக்கு,

தோமஸ் வந்துவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மத்தியானம், நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்தபோது வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டிருந்தார். யார் வேணும் என்று கேட்டேன். "அக்கா" என்றான். அவனுக்கு வயது இருபத்திரண்டுதான்.

அப்பா இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆற்றில் வெள்ளம் வந்து பாதி ஊர் தண்ணீரில் கிடந்தது. ஜஹாங்கீர் காக்காவும் வெள்ளையம்மாவின் ஆட்களும் சேர்ந்து சம்பான் படகில் பெட்டியை ஏற்றிக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் ராஜசேகரன் சொன்னதாக எழுதியதை அவருக்குச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான். வேறு மனத்தாங்கல் இல்லை.

தோமஸ் அதிகம் பேசுவதில்லை. கூரை மேல் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். ஒரு நாள் தானாகவே கேட்டான், "அந்த அண்ணன் என்ன ஆனாரு?" என்று. எல்லாவற்றையும் சொன்னேன். நான் செத்துப்போன கதையையும் சொன்னேன். முதலில் சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னான், "அவரு செஞ்சது சரிதான்க்கா. நீ அங்க போயி, அதனால நான் வந்திருந்தா, நான் எப்பிடி ஒம் மொகத்தப் பாப்பேன்?"

ஐலீனும் அதையே சொல்கிறாள். ஜஹாங்கீர் காக்காவும். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள், தோமஸும் வந்துவிட்டான், இன்னும் என்ன என்கிறார்கள். அப்பா இருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு மட்டும் அப்படிச் சொல்ல வரமாட்டேன் என்கிறது. தோமஸ் வராமல் போயிருந்தாலும் நீங்கள் செய்தது அதேதான். வந்துவிட்டதால் அது வேறாகிவிடுமா? படத்திலும் அவளுக்கு நல்லபடியாகத்தான் முடிந்தது. ஊரெல்லாம் அவள் பாட்டு. இருந்தாலும் அவளை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முன்பு உங்கள் மேல் கோபம் இருந்தது. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். அது ஒரு துணையாக இருந்தது என்று அது போன பிறகுதான் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை. வீட்டில் தோமஸ். ஞாயிற்றுக்கிழமை கோயில். அங்கே இன்னமும் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். இப்போது பாடக்கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் வரவில்லை.

நான் உங்களை மன்னித்தேனா என்று உங்களுக்குத் தெரியவேண்டியிருக்கும். எனக்கே தெரியவில்லை. தோமஸ் வந்ததைச் சொல்லத்தான் எழுதினேன்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு,
24 ஜனவரி 1946

அன்புள்ள கெர்ட்ரூட்,

தோமஸ் வந்த செய்தியைத் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். உன் அப்பாவுக்காக இன்று பூசை கொடுத்தேன்.

நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். என் பக்கத்து நியாயம் எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தேன். அதிலும் உனக்குப் பதிலாக நானே பேசிக்கொண்டிருந்தேன். கிழித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஒரு கேள்விதான். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. சிகாமட்டுக்கு நான் வரலாமா? வேண்டாம் என்றால் அதையும் எழுது. வரமாட்டேன்.

அமலநாதன்

*

சிகாமட்,
30 ஜனவரி 1946

அன்புள்ள அமலநாதன் அவர்களுக்கு,

வாருங்கள். வியாழக்கிழமை வேண்டாம், எனக்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வண்டியில் வாருங்கள்.

பழைய பாட்டு எதையும் கொண்டுவர வேண்டாம். என்னைப் பாடச் சொல்லவும் வேண்டாம். அதற்கு மேல் நான் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சாயங்கால வண்டியில் நீங்கள் திரும்பும்படியும் ஆகலாம்.

தோமஸ் ஸ்டேஷனுக்கு வரமாட்டான். வண்டிச் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. நான் வந்து நிற்கிறேன்.

கெர்ட்ரூட்